பிரசவமாகி ஆறு வாரத்தில் குழந்தையோடு யோகா செய்யலாமா?

ஆறு வாரக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு யோகா வகுப்பில் சேர விரும்புவதாகவும், மாமியார் "பச்சை உடம்பு, வேண்டாம்" என்று தடுப்பதாகவும் கேட்டிருக்கிறீர்கள். படுக்கையிலிருந்து எழும்போது தையல் இழுக்கிறது என்று எழுதியிருப்பதால், அறுவை சிகிச்சைப் பிரசவம் என்றே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. இதற்காக என்னைப் பழமைவாதி என்று ஏச வருகிறவர்கள் மீதிப் பாதியையும் படித்துவிட்டு வரட்டும்.

மலேசியாவில் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்த 2023ஆம் ஆண்டில்தான், பினாங்கில் எனக்கு மகள் பிறந்தாள். அறுவை சிகிச்சைதான். அம்மா வந்து தங்கி, பூண்டும் பால்சுறாப் புட்டுமாகப் பத்தியம் பார்த்து, பழைய வேட்டியால் வயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டார். எதிர்வீட்டு மலாய் அக்கா, அவர்கள் கட்டும் பெங்குங் இன்னும் உறுதியானது என்றார். கட்டு இடுப்புக்குத் தாங்கலாக இருந்தது உண்மை, ஆனால் அது தசைக்கு வலுவூட்டாது என்பது எனக்கு அப்போது தெரியாது. விடுப்பு முடிவதற்குள் பழைய உடுப்புக்குள் நுழைந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், ஏழாவது வாரமே தாயும் சேயும் சேர்ந்து செய்யும் ஒரு வகுப்பில் எட்டு நாளுக்குப் பணம் கட்டினேன்.

இரண்டாம் நாளே, உட்கார்ந்தபடி காலையும் உடம்பையும் படகுபோல் தூக்கி நிறுத்தும் நாவாசனம் செய்யச் சொன்னார்கள். கால்களைத் தூக்கியபோது, தொப்புளுக்கு மேலே வயிறு கூடாரம்போல் கூம்பி எழுந்தது. ஆசிரியை அதைக் கொழுப்பு என்றார். அன்றிரவு, நின்றுபோயிருந்த உதிரம் மீண்டும் பட்டது. உடம்பு தாங்கும் அளவை மீறிவிட்டோம் என்பதற்கு அதுவும் ஓர் அடையாளம் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். பிசியோதெரபி நிபுணர் ஒருவர் என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கால்களை மடக்கித் தலையைச் சற்றே தூக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேலும் கீழும் விரல்களை வைத்துப் பார்த்தார். கர்ப்பத்தில் விலகிய வயிற்றுத் தசைகளுக்கு நடுவே மூன்று விரல் நுழையும் இடைவெளி இருந்தது. இரண்டு விரலுக்கு மேல் இருந்தால், வயிற்றை அழுத்தும் நாவாசனமும் பலகை நிலையும் இடைவெளி குறையும்வரை வேண்டாம் என்றார். அதுவரை வீட்டுக்கு வந்த தாதியர் முதல் ஆறாம் வாரப் பரிசோதனை வரை எல்லாரும் குழந்தையின் எடையை வரி தவறாமல் குறித்தார்கள். என் வயிற்றை இப்படித் தொட்டுப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை என்பது இன்றும் எனக்கு ஆறாத குறை.

அதற்குப் பின் நான் செய்தவை மிகச் சிறியவை. மூச்சை வெளியே விடும்போது, சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்பின் அடித்தளத் தசைகளை மேல்நோக்கி இழுத்து, உள்ளிழுக்கும்போது முழுவதும் தளர்த்த வேண்டும். தளர்த்துவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சுகப்பிரசவம் என்றால் இதை முதல் வாரத்திலேயே மெல்லத் தொடங்கலாம் என்கிறார்கள். வயிற்றைக் கிழித்துக் குழந்தை பெற்றவர்கள் ஆசனம் என்று எதையும் தொடுமுன் மருத்துவரின் சம்மதம் பெறுவதே முறை. சம்மதம் கிடைத்தபின் பூனை நிலையும், இடுப்பை உயரத் தூக்காத சேதுபந்தாசனமும் சேர்த்துக்கொண்டேன். கர்ப்ப காலத்தில் மூட்டுகளை நெகிழ்த்திய ஹார்மோனின் விளைவு சில மாதங்கள் நீடிக்கும் என்பதால், உடம்பு வளைகிறதே என்று வளைத்துவிடக் கூடாது.

குழந்தையை எங்கே வைப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். பிறந்த சில வாரங்களுக்கு, 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் குழந்தைக்குத் தெளிவாகத் தெரியும். ஆகவே பூனை நிலையில் கைகளை நீட்டாமல் முழங்கைகளை ஊன்றி, மகளை நடுவே பாயில் கிடத்திக்கொண்டேன். என் முகம் அவளுக்கு எட்டியது. நான் சாய்ந்து ஓய்வெடுக்கும்போது, அவள் விழித்திருந்தால், என் மார்பின்மேல் குப்புறப் போட்டுக்கொள்வேன். கழுத்துக்கும் அதுவே பயிற்சி. கணுக்காலில் உட்காரவைத்துத் தூக்கி ஆட்டுவதெல்லாம் தலை நன்றாக நின்றபிறகுதான். பால் கொடுத்து அரைமணி நேரம் கழித்துத் தொடங்கினால் மார்பும் கனக்காது, அவளும் கக்கமாட்டாள்.

நான் மருத்துவர் இல்லை; என் ஒருத்தியின் அனுபவத்தை எல்லார் உடம்புக்கும் அளவுகோலாக வைக்கவும் இல்லை. வகுப்பில் சேருவதானால், "என் வயிற்று இடைவெளியை யார் பார்ப்பார்கள்?" என்று முதலில் கேளுங்கள். பதில் வராவிட்டால் பணம் கட்டாதீர்கள். நான் போகாமல் விட்ட ஆறு நாளுக்கான பணம் இன்றுவரை திரும்ப வரவில்லை.