பிட்யூட்டரி அறுவை சிகிச்சை: எண்டோஸ்கோப்புக்கு 90,000 கூடுதலாகத் தரலாமா?

கேள்வி: ஆத்தாவுக்கு 58 வயது. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் 2.4 செ.மீ. கட்டி, பக்கப் பார்வை குறைகிறது. மதுரையில் மைக்ராஸ்கோப் முறைக்கு 3.2 லட்சம், எண்டோஸ்கோப்புக்கு 4.1 லட்சம் என்கிறார்கள். மெடிக்ளைம் 5 லட்சம் (அறை வாடகை நாளுக்கு 5,000 வரை), கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசி (பட்டியலிலுள்ள கடும் நோய் வந்தால் மொத்தமாகப் பணம் தருவது) 10 லட்சம், எஃப்.டி. 6 லட்சம் இருக்கின்றன. எதில் கை வைப்பது?
- வாசகர், காரைக்குடி

பதில்: முதலில், ரத்தத்தில் புரோலாக்டின் என்ற ஹார்மோனைப் பார்த்தாயிற்றா? அது மிக அதிகமென்றால் கேபர்கோலின் மாத்திரையே பெரும்பாலும் கட்டியைச் சுருக்கிவிடும். லேசான உயர்வை நம்ப வேண்டாம். எந்தப் பெரிய கட்டியும் பிட்யூட்டரியின் தண்டை அழுத்திப் புரோலாக்டினைச் சற்று ஏற்றலாம்.

அறுவைதான் என்றால் இரண்டுமே மூக்கு வழிதான். மைக்ராஸ்கோப் நேர்க்கோட்டில் மட்டும் காட்டும். எண்டோஸ்கோப் எனும் கேமராக் குழாயில் சாய்வு லென்ஸ் போட்டு, மேலேயும் பக்கவாட்டிலும் ஒளிந்திருப்பதைப் பார்க்கலாம். மேலே வளர்ந்து பார்வை நரம்பை அழுத்தும் கட்டிக்கு இது உதவும். காது-மூக்கு-தொண்டை நிபுணரும் சேர்வதால் ஃபீஸ் கூடும். ஆனாலும் கருவிக்கு முன், அந்த டாக்டர் ஆண்டுக்கு எத்தனை பிட்யூட்டரி செய்கிறார் என்று கேளுங்கள். 90,000 தருவதானால் அந்த அனுபவத்துக்குத் தரலாம்.

கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசியின் 10 லட்சத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த ‘தீங்கற்ற மூளைக் கட்டி’ வரையறை பிட்யூட்டரி கட்டிகளைப் பெயர் சொல்லியே விலக்குகிறது. விற்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை.

அடுத்து அறை. 8,000 ரூபாய் அறையில் சேர்த்தால், பாலிசியில் விகிதாசாரக் கழிவு இருக்கும்பட்சத்தில், டாக்டர் ஃபீஸ், தியேட்டர் கட்டணத்திலும் எட்டில் ஐந்து பங்குதான் வரும். அவை 2 லட்சம் என்றால் 75,000 உங்கள் கையிலிருந்து. மருந்து, உபகரணங்களுக்கு இந்தக் கழிவு பொருந்தாது. எண்டோஸ்கோப்பா இல்லையா என்று யோசிக்கும் பணத்துக்குக் கிட்டத்தட்டச் சமமான தொகை அறையில் போய்விடும், 5,000-க்குள்ளேயே எடுங்கள்.

பில் ஏறுவது பிறகுதான். மூக்கில் மூளைத் தண்டுவட நீர் கசிந்தால் இடுப்பில் நீரை வடிக்கும் குழாய் (டிரெயின்) வைத்துப் படுக்க வேண்டும், சில சமயம் மறுபடி தியேட்டர். வீடு திரும்பிய முதல் வாரத்தில் ரத்தத்தில் சோடியம் சரிந்து மீண்டும் அட்மிட் ஆவதும் உண்டு. ஏழாம் நாள் வாக்கில் காரைக்குடியிலேயே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். பில்லை வைத்திருந்தால் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவில் கிளெய்ம் செய்யலாம்.

இதற்கென 1.5 லட்சம் தயாராக இருக்கட்டும். எஃப்.டி.யை உடைக்காமல் அதன் மேல் கடன் வாங்கலாம். பொதுவாக 90% வரை, எஃப்.டி. வட்டியைவிட 1-2% கூடுதலில் கிடைக்கும். நகையைத் தொட வேண்டாம்.

கட்டி மிச்சமிருந்தால் கட்டியைத் துல்லியமாகக் குறிவைக்கும் ஸ்டீரியோடாக்டிக் கதிர்வீச்சு தேவைப்படலாம். பல பாலிசிகளில் அதற்குத் தனி உச்சவரம்பு உண்டு. மொத்த 5 லட்சத்தையும் அறுவையிலேயே கரைக்குமுன் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.