1788-ல் அமெரிக்க அரசியலமைப்பை எதிர்த்தவர்கள் வெறும் முட்டுக்கட்டைகளா?

தேர்வுக்குப் படிக்கிறீர்கள் போல. அதை ஆதரித்த ஹாமில்டனுக்கும் மாடிசனுக்கும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, எதிர்த்தவர்களுக்கு ஒரே ஒரு பத்தி ஒதுக்கியிருக்கும் புத்தகமாகத்தான் இருக்கும். நானும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

முதுகலை படிக்கும்போது அரசியலமைப்புக்கு ஒப்புதல் தரலாமா என்று முடிவெடுக்கக் கூடிய வர்ஜீனியா மாநில மாநாட்டை வகுப்பில் விவாதமாக நடத்தினார்கள். குலுக்கலில் எனக்கு விழுந்தது அங்கே எதிர்த்துப் பேசிய பேட்ரிக் ஹென்றி. தோற்கிற கட்சி. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நூலகத்துக்குப் போனேன்.

அங்கே படிக்கப் படிக்க எரிச்சல் போய்விட்டது. 'மாநிலங்களாகிய நாம்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'மக்களாகிய நாம்' என்று எழுத உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று ஹென்றி கேட்டிருக்கிறார். ஜார்ஜ் மேசன் அரசியலமைப்பை எழுதிய பிலடெல்பியா மாநாட்டில் கடைசி நாள் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, கையெழுத்துப் போட மறுத்தவர். அவர் சொன்ன முக்கியக் காரணம், அதில் உரிமைப் பிரகடனம் இல்லை என்பது. இதுவா முட்டுக்கட்டை?

ஜூன் 25 அன்று வர்ஜீனியாவில் 89-க்கு 79 என்று ஒப்புதல் கிடைத்தது. ஆறு பேர் மனம் மாறியிருந்தால் கதையே வேறு. அரசியலமைப்பு நடைமுறைக்கு வரத் தேவைப்பட்ட ஒன்பதாவது மாநிலமாக நியூ ஹாம்ப்ஷயர் நாலு நாளுக்கு முன்பே ஒப்புதல் தந்திருந்தது, அந்தச் சேதி வர்ஜீனியாவுக்கு வந்து சேரவில்லை. நியூயார்க்கில் இன்னும் மோசம், 30-க்கு 27. இவ்வளவு நெருக்கமான போட்டியை ஏதோ நாலு பிடிவாதக்காரர்களின் கூச்சல் என்று எழுதுவது அநியாயம். தனியாக உரிமைப் பட்டியல் தேவையில்லை என்று வாதாடிய மாடிசனேதான் 1789-ல் அந்த உரிமைகளைச் சேர்க்கும் திருத்தங்களைக் கொண்டுவந்தார். 1791-ல் அவற்றில் பத்து நிறைவேறின.

'ஹென்றி அடிமைகளை வைத்திருந்தவர்தானே' என்று யாராவது கருத்துப் போடுவீர்கள், தெரியும். ஆமாம், வைத்திருந்தார். மேசனும்தான், மாடிசனும்தான். நான் யாரையும் புனிதராக்கவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

சரி, வகுப்பில் என்ன ஆனது என்றால், படுதோல்வி. தோற்றதில்கூட வருத்தமில்லை. மேசனாகப் பேச வேண்டிய என் கூட்டாளி ஒரு பக்கம்கூடப் படிக்காமல் வந்து, என் குறிப்பை வாங்கி, அதையும் தப்பாக வாசித்தார். குழு வேலை என்று சொல்லி இரண்டு பேருக்கும் ஒரே மதிப்பெண் போட்டார்கள். போய்க் கேட்டதற்கு 'விட்டுக்கொடுக்கப் பழகு' என்றார் பேராசிரியர். இன்னும் ஆறவில்லை.