சின்ன பிரஷர் வாஷிங் தொழிலுக்கு எந்த சர்ஃபேஸ் கிளீனர் வாங்கலாம்? பெரிய அளவு வாங்கினால் வேலை சீக்கிரம் முடியுமா?

முடியாது. இரண்டாவது கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்த நினைப்பில் 24 அங்குல சர்ஃபேஸ் கிளீனரை, அதாவது பிரஷர் வாஷரில் மாட்டித் தரை கழுவும் வட்டத் தட்டை, வாங்கி மாட்டிக்கொண்டவன் நான்.

ஒரு மெஷின், ஒரு வண்டி, உதவிக்கு ஒரு பையன் என்று ஆரம்பித்திருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இவ்வளவு நாள் தண்ணீர் பீய்ச்சும் கன்னைப் பிடித்துத் தரையைக் கோடு கோடாக இழுத்துக் கழுவி, இடுப்பு விட்டுப்போய், வட்டத் தட்டு ஒன்று இருக்கிறதாமே என்று தேட ஆரம்பித்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் வந்தேன். விற்பவர் 16, 20, 24 என்று மூன்றைக் காட்டினார். 24ஐத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அகலம் கூடினால் நடை குறையும், நடை குறைந்தால் ஒரு நாளில் இரண்டு வேலை. கணக்கு எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள்.

முதல் வேலை ஒரு பெரியவர் வீட்டு முன்பக்கம். கான்கிரீட் தரை, வருஷக்கணக்கில் பாசி படிந்து கறுத்துக் கிடந்தது. புதுத் தட்டை வைத்துப் புல்வெட்டும் மெஷின் தள்ளுவதுபோலத் தள்ளிக்கொண்டு போனேன். தரை ஈரத்தில் பளபளவென்று இருந்தது. பெரியவருக்குச் சந்தோஷம், எனக்கு அதைவிடச் சந்தோஷம். படம் எல்லாம் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் போன். "தம்பி, நேத்து என்ன செஞ்சீங்க? தரை முழுக்க வளையல் அடுக்கி வெச்ச மாதிரி இருக்கே?"

போய்ப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. இரண்டு விரல் இடைவெளியில் வளையம் வளையமாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, வாசலில் இருந்து கேட் வரைக்கும். வளையத்தின் மேல் வெளுப்பு, நடுவில் பழைய கறுப்பு. ஈரத் தரையில் எல்லாம் ஒரே நிறமாகத் தெரியும். காய்ந்த பிறகுதான் வண்டவாளம் வெளியே வரும். இது அன்றைக்கு எனக்குத் தெரியாது. அவசரப்பட்டு அதே தட்டை இன்னொரு தடவை ஓட்டினேன். வளையத்தின் மேல் வளையம்தான் விழுந்தது.

எனக்கு முன்னால் இந்தத் தொழிலுக்கு வந்த அண்ணன் ஒருவருக்கு அங்கிருந்தே போன் போட்டேன். "உன் மெஷின் நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளும்?" என்றார். "170 பார்ணே" என்றேன். "நான் பாரா கேட்டேன்?" என்றார். பார் என்பது அழுத்தத்தின் அளவு, அவர் கேட்டது தண்ணீரின் அளவு.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. தட்டுக்குள் மோட்டார் எதுவும் கிடையாது. நடுவில் ஒரு ஸ்விவல், அதாவது சுழலும் இணைப்பு, அதில் குறுக்கே ஒரு குழாய், குழாயின் இரண்டு முனையிலும் தண்ணீர் பீய்ச்சும் ஒவ்வொரு நாசில். நாசில்கள் சற்றுச் சாய்ந்து பீய்ச்சுவதால் எதிர்விசையில் குழாய் சுற்றுகிறது. ஆக, சுற்றுவதும் தேய்ப்பதும் உங்கள் பம்ப் தள்ளுகிற தண்ணீர்தான். 15 அங்குலத் தட்டோடு ஒப்பிட்டால் 24 அங்குலத் தட்டின் பரப்பு இரண்டரை மடங்கு. தண்ணீர் மட்டும் அதேதான். குழாய் மந்தமாகச் சுற்றும், நீங்கள் பாட்டுக்கு நடப்பீர்கள், ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் கழுவாத இடம் தங்கிவிடும். எவ்வளவு பெரிய தட்டோ அவ்வளவு மெதுவாக நடக்க வேண்டும் என்றால் அகலத்தால் என்ன லாபம்?

"ஒரு வாளி எடு" என்றார் அண்ணன். 20 லிட்டர் வாளி. மெஷினை முழு வேகத்தில் ஓடவிட்டுக் கன்னை வாளிக்குள் பிடித்து நேரம் பார்த்தேன். நிரம்ப ஒரு நிமிடம் ஐம்பது விநாடி ஆனது. நிமிடத்துக்குச் சுமார் 11 லிட்டர். மெஷினில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் 13 என்றது. ஸ்டிக்கரில் போடுவது பெரும்பாலும் அதிகபட்சக் கணக்கு, அதை நம்பித் தட்டு வாங்காதீர்கள். வாளி பொய் சொல்லாது.

தொழிலில் இருப்பவர்கள் வாய்வழியாகச் சொல்லும் கணக்கு இது: நிமிடத்துக்கு ஓடும் ஒவ்வொரு கேலனுக்கும், அதாவது 3.8 லிட்டருக்கும், தட்டில் 4 முதல் 5 அங்குலம். நிமிடத்துக்கு 11 லிட்டர் என்றால் 12 முதல் 15 அங்குலத் தட்டு. 15 லிட்டர் என்றால் 16 முதல் 20. இருபது, இருபத்தொரு லிட்டரைத் தாண்டினால்தான் 24 பக்கம் போகலாம். ஒன்றிரண்டு அங்குலம் அப்படி இப்படி இருந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது. "நான் 15 லிட்டரில் 24 ஓட்டுகிறேன், ஒரு பிரச்சினையும் இல்லை" என்று யாராவது கீழே வருவீர்கள், தெரியும். ஆமை வேகத்தில் நடந்தால், முன்னாடியே மருந்து அடித்து ஊறவைத்தால், ஓட்டலாம். நான் மறுக்கவில்லை. ஆனால் புதிதாக வாங்கப்போகிறவருக்கு அதைப் போய்ச் சொல்லாதீர்கள்.

அப்புறம் நாசில். இதை எனக்குக் கடையில் யாரும் சொல்லவில்லை. தட்டைக் கவிழ்த்துப் பார்த்தபோது நாசில் முகத்தில் பொடி எழுத்தில் 25025 என்று பொறித்திருந்தது. முதல் 25 தண்ணீர் விரியும் கோணம். பின்னால் வரும் 025 துளையின் அளவு, அதாவது 2.5. இந்த எண்ணுக்கு அர்த்தம், 4000 பிஎஸ்ஐ (சுமார் 275 பார்) அழுத்தத்தில் நிமிடத்துக்கு 2.5 கேலன் போகும் என்பது. இரண்டு நாசிலும் சேர்ந்து 5. என் 11 லிட்டர், கேலன் கணக்கில் மூன்றைக்கூடத் தொடாது. அவ்வளவு அகலத் துளையில் இவ்வளவு சின்ன பம்ப்! அழுத்தம் எங்கிருந்து ஏறும்? அழுத்தம் காட்டும் கேஜை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். 170 காட்ட வேண்டிய முள் 100க்குக் கீழே படுத்திருந்தது. முதல் நாளே அதைப் பார்த்திருந்தால் வேலையை நிறுத்தியிருப்பேன். படம் எடுக்கத் தோன்றிய எனக்கு முள்ளைப் பார்க்கத் தோன்றவில்லை.

துளை சின்னதாகப் போனாலும் வம்புதான். அழுத்தம் எல்லை தாண்டும், அன்லோடர் வால்வ் திறந்து தண்ணீரைத் திருப்பிவிடும், மெஷின் விட்டு விட்டு இழுக்கும். எனக்குச் சரியாக வந்தது 2502, அதாவது இரண்டு 2.0 நாசில். போட்டதும் முள் 145 வாக்கில் நின்றது. தட்டோடு வரும் நாசில் உங்கள் மெஷினுக்காகப் போட்டது இல்லை. வாங்கும்போதே லிட்டரையும் பாரையும் சொல்லி மாற்றித் தரச் சொல்லுங்கள்.

பெரியவர் தரைக்கு வருவோம். அண்ணனிடம் இருந்த 15 அங்குலத் தட்டை இரவல் வாங்கினேன், 2.0 நாசில் போட்டேன், முதல் நாள் போன திசைக்குக் குறுக்காக, ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் பாதி ஏறும்படி மெதுவாக ஓட்டினேன். கடைசியில் மெல்லிய சோடியம் ஹைப்போகுளோரைட் (பிளீச்) கரைசலைத் தெளித்து, ஓரத்துச் செடிகளை நல்ல தண்ணீரால் நனைத்துவிட்டு வந்தேன். வளையங்களுக்கு நடுவில் தங்கியிருந்தது பாசிதான் என்பதால் அது செத்ததும் கோடு மங்கிவிட்டது. தண்ணீர் கான்கிரீட்டையே அரித்திருந்தால் எந்த மருந்தும் காப்பாற்றியிருக்காது. ஒரு நாள் கூலி போயிற்று, ஆள் மட்டும் தப்பித்தேன்.

இரவல் என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். என் மைத்துனன் ஒருவன், "மாமா, ஒரு நாள் மெஷின் குடுங்க, வண்டி கழுவிட்டுத் தர்றேன்" என்று வாங்கிப் போனான். கன்னைக் கீழே வைத்துவிட்டு, மெஷினை அணைக்காமல், யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்திருக்கிறான். கன் மூடியிருந்தால் தண்ணீர் பம்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் கொதிக்கும். சில நிமிடங்கள் போதும், சீல் எல்லாம் போய்விடும். போயிற்று. திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "மெஷினே சரியில்ல மாமா" என்றான். வீட்டில் அதைப் பற்றி இன்றுவரை பேச முடியவில்லை. தொழில் செய்கிறவனின் கருவி அவனுக்குச் சோறு என்பது ஏன் சொந்தக்காரர்களுக்கு மட்டும் புரிவதில்லை? நீயும் இரவல் வாங்கியவன்தானே என்று கேட்பீர்கள். வாங்கினேன். அன்று மாலையே துடைத்து, கிரீஸ் அடித்து, கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கிரீஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. தட்டில் முதலில் கெட்டுப்போவது ஸ்விவல்தான். கிரீஸ் அடிக்கும் நிப்பிள் இருப்பதாக, சீல் கிட் தனியாகக் கிடைப்பதாகப் பார்த்து வாங்குங்கள். மேல்மூடி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா பிளாஸ்டிக்கா என்பதெல்லாம் அதற்கு அப்புறம். கடையிலேயே கவிழ்த்துக் குறுக்குக் குழாயைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தாலோ மேலும் கீழும் ஆடினாலோ வைத்துவிட்டு வாருங்கள். தரை மேடுபள்ளமாக இருக்கும் இடங்களில் அதிகம் வேலை என்றால் சக்கரம் வைத்தது நல்லது. மழமழவென்ற தரைக்குப் பிரஷ் விளிம்பு போதும். சுடுதண்ணீர் மெஷின் என்றால் ஸ்விவல் சீல் எவ்வளவு சூடு தாங்கும் என்று கேளுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது கைப்பிடி திடீரென்று உதறினால் ஒரு நாசில் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். மெஷினை நிறுத்தி, கன்னை அழுத்தி மிச்ச அழுத்தத்தை வெளியேற்றிவிட்டுத்தான் தட்டைக் கவிழ்க்க வேண்டும். எனக்கு ஒரு தடவை அடைத்தது நானே இணைப்பில் சுற்றிய டெஃப்ளான் டேப்பின் துணுக்கு. அரிசி அளவுகூட இல்லை, அரை நாளைத் தின்றுவிட்டது.

எந்த பிராண்ட் என்று கேட்காதீர்கள். ஒரு பெயரைச் சொன்னால் கமிஷன் வாங்கினேன் என்பீர்கள், சொல்லாவிட்டால் மழுப்புகிறேன் என்பீர்கள். வாளிக் கணக்கை எடுத்து, மெஷின் எத்தனை பார் என்பதோடு கீழே கருத்தில் போடுங்கள், நாசில் அளவு நானே பார்த்துச் சொல்கிறேன்.

அந்த 24 இன்னும் என் கொட்டகைச் சுவரில்தான் தொங்குகிறது. மைத்துனன் போன வாரம் அதைப் பார்த்துவிட்டு, "இது சும்மாதானே மாமா இருக்கு?" என்றான். அதை மட்டும் தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.