‘வுல்ஃப் ஹால்’ தொடர் பார்க்கத் தகுந்ததா? அதில் வருவதை வரலாறு என்று நம்பலாமா?

தாராளமாகப் பாருங்கள். நம்புவதை மட்டும் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்.

தொடரைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்காக நாலு வரி. பிபிசி தயாரித்தது. 2015-ல் ஆறு பகுதிகள் வந்தன; அடுத்த ஆறு பகுதிகள் வர 2024 ஆகிவிட்டது. ஹிலரி மான்டலின் மூன்று நாவல்களிலிருந்து எடுத்த கதை. இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றியிடம் அமைச்சராக இருந்த தாமஸ் கிராம்வெல்தான் நாயகன். பள்ளிப் பாடத்தில் படித்த ஆலிவர் கிராம்வெல்லோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவர் நூறு ஆண்டுகள் கழித்து, இந்தத் தாமஸின் சகோதரி வழியில் வந்தவர். இவர் லண்டனை ஒட்டிய பட்னியில் ஒரு கொல்லரின் மகன். பரம்பரைப் பிரபுக்கள் நிரம்பிய சபையில் குலமும் கோத்திரமும் இல்லாமல் நுழைந்து, எல்லோரையும் தாண்டி மேலே போனவர்.

அமைச்சர் கதை என்றாலே சபையில் கர்ஜனை, முதுகுக்குப் பின்னால் விஷக் கோப்பை, போதாக்குறைக்கு ஒரு போர்க்களம் என்று பழகிவிட்டோம். இதில் அவை இல்லை. வேலைக்காலம் முழுவதையும் அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு கழித்தவன் நான்; என்னை இந்தத் தொடர் பிடித்து உட்காரவைத்ததற்கு அதுவே காரணம். அதிகாரம் என்பது பெரும்பாலும் காகித வேலைதான் என்பதை இவ்வளவு சுவையாகக் காட்டிய வேறு தொடரை நான் பார்த்ததில்லை.

தொடக்கத்திலேயே ஒரு காட்சி வருகிறது. 1529-ம் ஆண்டு. மன்னரின் தலைமை அமைச்சராக இருந்தும் அவருக்கு விவாகரத்து வாங்கித்தர முடியாத கார்டினல் வுல்சியை மாளிகையிலிருந்து துரத்த நார்ஃபோக், சஃபோக் என்ற இரண்டு கோமகன்கள் வந்து நிற்கிறார்கள். ‘ராஜாங்க முத்திரையைக் கொடு’ என்று அதட்டுகிறார்கள். வுல்சியின் வழக்கறிஞராக ஓரமாக நிற்கும் கிராம்வெல் கார்டினலிடம் மெதுவாக ஏதோ சொல்கிறார். உடனே கார்டினல், ‘இதை உங்களிடம் தர எனக்கு அதிகாரமில்லை, உரிய அதிகாரியை அழைத்து வாருங்கள்’ என்கிறார். வந்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போகிறார்கள். ‘உரிய படிவத்தில் இல்லை’ என்று மனுவைத் திருப்பி அனுப்புகிற கலை தெரிந்தவர்களுக்கு இந்தக் காட்சி தேன். வுல்சி எழுத்து மூலமான உத்தரவு கேட்டுக் கோமகன்களைத் திருப்பி அனுப்பியதும், அவர்கள் மறுநாள் கடிதத்தோடு வந்ததும் உண்மையில் நடந்தவை. வுல்சியிடம் வேலை பார்த்த கேவண்டிஷ் என்பவரே எழுதி வைத்திருக்கிறார். கிராம்வெல் காதில் ஓதியது மட்டும் கற்பனை. தொடர் முழுவதும் இந்த முறைதான்: எலும்பு வரலாற்றுடையது, சதை நாவலாசிரியருடையது.

கிராம்வெல்லாக வருபவர் மார்க் ரைலன்ஸ். இவர் பேசுவதைவிடக் கேட்பது அதிகம். எதிரில் இருப்பவர் பொங்கித் தீர்க்கும்வரை முகத்தில் ஓர் அசைவும் இருக்காது. ஆனால் எதை எங்கே குறித்து வைத்துக்கொள்கிறார் என்பது நமக்குத் தெரிந்துவிடும். இரவுக் காட்சிகளை மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே எடுத்திருக்கிறார் இயக்குநர் பீட்டர் கோஸ்மின்ஸ்கி. ‘ஒன்றுமே தெரியவில்லை, ஒரே இருட்டு’ என்று அங்கேயே பலர் குறைபட்டார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. யார் எந்த மூலையில் நின்று ஒட்டுக்கேட்கிறார் என்று தெரியாத வீட்டில் வெளிச்சம் அப்படித்தான் இருந்திருக்கும்.

மன்னராக டேமியன் லூயிஸ். படத்தில் பார்த்துப் பழகிய தடித்த ஹென்றி அல்ல. முதல் வரிசைப் பகுதிகளில் இவர் அழகானவர், அன்பானவர், அதனாலேயே பயங்கரமானவர். மன்னரோடு பழகுவது தீக்காய்வது போல என்று நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அந்தச் சூட்டை 2015-ன் கடைசிக் காட்சி காட்டுகிறது. ஹென்றியின் இரண்டாவது மனைவி ஆன் பொலினின் தலை விழுந்தாயிற்று. கலேயிலிருந்து வரவழைத்த வாள்காரன் வேலையை முடித்துவிட்டான். காரியத்தை நடத்திக்கொடுத்த கிராம்வெல் அரண்மனைக்குத் திரும்புகிறார். ஹென்றி வாயெல்லாம் பல்லாக, இரண்டு கைகளையும் விரித்து அவரைக் கட்டிக்கொள்கிறார். மன்னரின் தோளுக்கு மேலே தெரியும் ரைலன்ஸின் முகத்தைப் பாருங்கள். வசனமே தேவைப்படவில்லை.

இனி நம்பிக்கை விஷயம். ஆன் பொலினோடு சேர்த்து, 1536 மே மாதத்தில் ஐந்து ஆண்களுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவர்களில் நால்வர், வுல்சியை நரகத்துக்கு இழுத்துப் போவதாக அரண்மனையில் போட்ட கேலி நாடகத்தில் பேய் வேடம் கட்டியவர்கள் என்றும், தன் பழைய எசமானுக்காகக் கிராம்வெல் அதை மனதில் வைத்துப் பழிதீர்த்தார் என்றும் தொடர் சொல்கிறது. அப்படியொரு நாடகம் நடந்தது உண்மை. வேடம் கட்டியவர்கள் இவர்கள்தான் என்பது மான்டல் போட்ட முடிச்சு. பிரமாதமான முடிச்சு, ஆனால் அதை வரலாறாக ஒப்பிக்கக் கூடாது.

தாமஸ் மோர் விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. மன்னரைத் திருச்சபையின் தலைவராக ஏற்க மறுத்து 1535-ல் தலையைக் கொடுத்தவர். கத்தோலிக்கத் திருச்சபை 1935-ல் புனிதராக அறிவித்தவர். அவரை இந்தத் தொடர் கருணையற்ற, ஈரப்பசையில்லாத மனிதராகவே காட்டுகிறது. அவர் மன்னரின் உயர் அமைச்சராக இருந்தபோது சமயக் கொள்கைக்காக ஆறு பேர் எரிக்கப்பட்டார்கள் என்பதை மறைக்க முடியாது. ஆனால் அதே அளவுகோலைக் கிராம்வெல்லிடமும் நீட்டியிருக்க வேண்டாமா? 1536-லிருந்து நாலே ஆண்டுகளில் ஏறத்தாழ எண்ணூறு மடங்களை மூடி, சொத்தை அரச கருவூலத்தில் சேர்த்தவர் அவர். அந்த நாட்டின் நிலவுடைமையையே புரட்டிப்போட்ட காரியம் அது. தொடரில் போகிற போக்கில் வந்து போகிறது. மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த தகப்பன் மீது நமக்கு இரக்கம் வரவேண்டும் என்பதில் இருக்கிற அக்கறை, வீதிக்கு வந்த துறவிகள் மீது இல்லை.

நியூயார்க்கில் ஃப்ரிக் என்ற கலைக்கூடத்தில் ஹோல்பைன் வரைந்த இருவரின் ஓவியங்களும் ஒரே கணப்பின் இரு பக்கமும் மாட்டப்பட்டிருக்கின்றன. இணையத்தில் தேடி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மோர் அதில் நம்மிடம் பேசக்கூடியவர் போல இருக்கிறார். கிராம்வெல், கையில் காகிதத்தை இறுக்கிக்கொண்டு, ‘அடுத்த ஆள்’ என்று கூப்பிடப் போகிறவர் போல இருக்கிறார். தொடர் இதைத் தலைகீழாக்கிவிட்டது.

2024-ல் வந்த பகுதிகள் சற்று மெதுவாக நகர்கின்றன. ஆனாலும் விட்டுவிடாதீர்கள்; கிராம்வெல்லின் வீழ்ச்சி அங்கேதான் இருக்கிறது. மன்னருக்கு அவர் ஏற்பாடு செய்த ஆன் ஆஃப் கிளீவ்ஸ் திருமணம் கசந்தது ஒரு காரணம். நார்ஃபோக்கின் பகை இன்னொன்று. 1540 ஏப்ரலில் எஸ்ஸெக்ஸ் பிரபு ஆனார். ஜூன் 10 அன்று ஆலோசனை மேஜையிலேயே கைது. நார்ஃபோக் அவர் கழுத்திலிருந்த பதக்கத்தைப் பிடுங்கினார் என்றும், கிராம்வெல் தொப்பியைத் தரையில் வீசியடித்தார் என்றும் பிரெஞ்சுத் தூதரின் கடிதம் சொல்கிறது. விசாரணை கிடையாது, நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம் போட்டுக் குற்றவாளி என்று முடித்துவிட்டார்கள். அந்த வழி ஒன்றும் புதிதல்ல. முந்தைய ஆண்டு, மார்கரெட் போல் என்ற வயதான பிரபுகுலப் பெண்மணியை இதே வகைச் சட்டத்தால், விசாரணையே இல்லாமல் சிக்கவைத்ததில் முன்னின்றவர் கிராம்வெல்தான். ஜூலை 28 அன்று கிராம்வெல்லின் தலை விழுந்தது. அதே நாளில் ஹென்றி அடுத்த திருமணத்தை முடித்துக்கொண்டார்; மணமகள் கேத்தரின் ஹோவர்ட், நார்ஃபோக்கின் அண்ணன் தம்பி வீட்டுப் பெண்.

பார்க்கத் தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. இந்தக் கதையில் ஆண்களில் பாதிப்பேர் தாமஸ். கிராம்வெல், வுல்சி, மோர், கிரான்மர், வயட், ரைத்ஸ்லி, ஆன் பொலினின் அப்பா, நார்ஃபோக் கோமகன் என்று அத்தனை பேருக்கும் ஒரே பெயர். குடும்பப் பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள். நார்ஃபோக்காக 2015-ல் பெர்னார்ட் ஹில்லும் 2024-ல் டிமத்தி ஸ்பாலும் நடித்திருக்கிறார்கள். முகம் மாறியதைக் கண்டு புதுப் பாத்திரம் என்று தடுமாற வேண்டாம். கைபேசியில் பார்த்தால் அந்த மெழுகுவத்தி இருட்டில் உங்கள் முகம்தான் தெரியும். பெரிய திரையில், விளக்கை அணைத்துவிட்டு, இரவுக்கு ஒரு பகுதி என்று பாருங்கள்.