பின்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் தேவையா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது 2012-ஆம் ஆண்டு மாருதி சுசுகி ஸ்விஃப்ட், ஏபிஎஸ் (அவசரத்தில் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத மாடல். கொல்லிமலையிலிருந்து குடும்பத்தோடு இறங்கும்போது பாதி வழியிலேயே கருகிய வாடை வருகிறது. பெடல் கெட்டியாகத்தான் இருக்கிறது, ஆனால் பிரேக் பிடிப்பதில்லை. பின்சக்கர டிரம்மைக் கழற்றிவிட்டு, வெளிநாட்டில் விற்கப்பட்ட ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டின் பழைய டிஸ்க்கையும் அதைக் கவ்விப் பிடிக்கும் காலிபரையும் பொருத்தித் தருவதாக ஒரு மெக்கானிக் சொல்கிறார். செய்யலாமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: செய்ய வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் பின்சக்கரத்தைக் காட்டவில்லை. பிரேக்கை அழுத்தியதும் வண்டியின் எடை முன்பக்கம் சாய்வதால், இத்தகைய கார்களில் வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன்சக்கரங்களே செய்கின்றன. இறக்கத்தில் அந்தப் பங்கு இன்னும் கூடுகிறது. 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பெடலிலிருந்து காலை எடுக்காமல் இறங்கினால், முதலில் கருகுபவை முன்பக்க டிஸ்க்கை இருபுறமும் அழுத்தி உராயும் பேடுகள்தாம். பேடு அளவுக்கு மீறிச் சூடாகி உராயும் தன்மையை இழக்கும்போது, பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காது. பிரேக் ஆயில் கொதித்திருந்தால் பெடல் தளர்ந்து கீழே இறங்கியிருக்கும். பெட்ரோலை மிச்சப்படுத்த எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கும் பழக்கம் உங்களுக்கு இருக்குமானால், அதை இன்றோடு விட்டுவிடுங்கள். எஞ்சின் நின்றால், கால் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் பிரேக் பூஸ்டருக்கு வேக்கம் (வெற்றிடம்) கிடைக்காமல் பெடல் இறுகிப்போகும்.

டிரம்மைவிட டிஸ்க் விரைவாகச் சூடாறும், நனைந்தால் விரைவாக உலரும் என்பது உண்மைதான். ஆனால் பிரேக் என்பது முன்னும் பின்னும் ஒன்றுக்கொன்று அளந்து அமைக்கப்பட்ட ஒரே அமைப்பு. டிரம் சுழலும்போது, உள்ளிருந்து அதன்மேல் உராயும் இரண்டு ஷூக்களில் முன்பக்க ஷூவைத் தன்னோடு இழுத்து மேலும் இறுக்கிக்கொள்வதால், ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் சிறியதாக இருந்தாலே அங்கே போதும். டிஸ்க்கில் இந்த உதவி கிடையாது. பேடு எவ்வளவு அழுந்துகிறதோ அவ்வளவுதான் பிடி. எனவே காலிபரின் பிஸ்டன் பெரிதாக இருக்க வேண்டும், அதற்கேற்ற அளவு ஆயிலை, பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர் தள்ளித் தர வேண்டும். பொருத்தப்படும் பிஸ்டன் தேவைக்குச் சிறிதாக இருந்தால், ஏற்கெனவே கருகிக்கொண்டிருக்கும் முன் பேடுகளின் சுமை மேலும் கூடும். பெரிதாக இருந்தாலோ ஆபத்து அதைவிடப் பெரிது: அவசரத்தில் அழுத்தும்போது முன்சக்கரங்களுக்கு முன்பே பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும், பூட்டிய டயருக்குப் பக்கவாட்டுப் பிடிமானம் இல்லாததால் வண்டியின் பின்பகுதி வீசி, வண்டியே சுழன்றுவிடும். ஏபிஎஸ் இல்லாத வண்டியில் இதைத் தடுப்பதற்கு, பின்பக்க அழுத்தத்தை ஓர் அளவோடு நிறுத்தும் வால்வைத் தவிர வேறு எதுவும் இல்லை, அந்த வால்வோ டிரம்முக்காகக் கணக்கிடப்பட்டது. மலைப்பாதையின் ஒரு வளைவில் இதைச் சோதித்துப் பார்க்கும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரக் கூடாது.

முறையாகச் செய்வதென்றால் ஹப் (சக்கரம் பொருத்தப்படும் மையப் பாகம்), காலிபரைத் தாங்கும் பிராக்கெட், ஹேண்ட் பிரேக் கேபிள், பிரேக் ஹோஸ், அந்த வால்வு, தேவைப்பட்டால் மாஸ்டர் சிலிண்டர் என எல்லாவற்றையும் பொருத்தம் பார்த்துச் சேர்த்தே மாற்ற வேண்டும். புதிய காலிபர் இப்போதைய வீலுக்குள் இடிக்காமல் அடங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். டிஸ்க்கையும் காலிபரையும் மட்டும் மாட்டித் தருகிறேன் என்பவர் பாதி வேலையைத்தான் சொல்கிறார். விபத்து ஏதும் நேர்ந்தால், நிறுவனம் அமைத்த பிரேக்கை மாற்றியதைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் வாய்ப்பு உண்டு.

இந்த மாற்றத்துக்கு ஆகும் பணத்தில் சிறு பகுதியை இப்படிச் செலவிடுங்கள். முன்பக்கத்துக்குத் தரமான புதிய பேடு போடுங்கள், டிஸ்க்கின் கனத்தை அளக்கச் சொல்லுங்கள். பிரேக் ஆயிலை முழுவதுமாக மாற்றி, நான்கு சக்கரங்களிலும் ஏர் எடுக்க (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற) சொல்லுங்கள். டாட் 3 என்ற வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், ஈரத்தை உறிஞ்சிய பிறகு அது 140 டிகிரி வரை இறங்கக்கூடும். பிறகு, டிரம்மைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை ஸ்க்ரூ டிரைவர் முனையால் லேசாகத் தூக்கும்போது உள்ளே ஆயில் நின்றால், அந்தச் சிலிண்டரை மாற்றியே ஆக வேண்டும். ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைத் தானாகச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் துருவேறி இறுகிப்போயிருப்பதும் பழைய வண்டிகளில் சகஜம்; அதைச் சுத்தம் செய்தால் பின் பிரேக் தன் பங்கு வேலையை மீண்டும் செய்யும். மலையில் இறங்கும்போது, ஏறுவதற்குப் போடும் கியரிலேயே, பெரும்பாலும் இரண்டாவதில், எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி இறங்குங்கள். பிரேக்கை வளைவுக்கு முன்னால் அழுத்தமாகப் பிடித்து, வேகம் குறைந்ததும் முழுவதுமாக விட்டுவிட வேண்டும். தொட்டபடியே இறங்குவதுதான் பேடைக் கருக்குகிறது.

கேள்வி: விலை உயர்ந்த மின்சாரக் காரிலும் பின்சக்கரத்துக்கு டிரம் வைத்திருப்பது ஏன்?
– வாசகர், கோவை

பதில்: ஃபோக்ஸ்வாகன் ஐடி.3, ஐடி.4 கார்களில் அப்படித்தான் இருக்கிறது. அவற்றில் வேகத்தைக் குறைக்கும் வேலையின் பெரும்பகுதியை மோட்டாரே ஜெனரேட்டராக இயங்கிச் செய்துவிடுவதால், பின் பிரேக்குக்கு வேலை அதிகம் இல்லை. அடிக்கடி பயன்படாத டிஸ்க் வெளியே துருப்பிடிக்கும். மூடிய டிரம் பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும்.

கேள்வி: என் காரின் பின்சக்கரங்களை ஏற்கெனவே டிஸ்க்காக மாற்றிவிட்டேன். ஹேண்ட் பிரேக் மேட்டில் நிற்பதில்லை. கேபிளை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: கேபிளை இறுக்குவதை முதலில் நிறுத்துங்கள். உங்கள் காலிபர் ஹேண்ட் பிரேக் லிவரும் சேர்ந்த வகையாக இருந்தால், அதன் பிஸ்டனைப் பெரும்பாலும் அதற்குரிய கருவியால் திருகித்தான் உள்ளே தள்ள வேண்டும்; கிளாம்ப் வைத்து நேராக அழுத்தியிருந்தால் உள்ளேயுள்ள அட்ஜஸ்டர் உடைந்திருக்கலாம். கேபிளை முழுவதும் தளர்த்தி, இரு காலிபர்களிலும் லிவர் தன் நிறுத்தத்தில் போய் உட்காருகிறதா என்று பாருங்கள். உட்கார்ந்தால், பெடலைப் பல முறை மிதித்து பேடை டிஸ்க்கோடு நெருங்கவிட்டு, அதன் பிறகே கேபிளைச் சரிசெய்ய வேண்டும். அப்போதும் நிற்கவில்லையென்றால், டிரம்முக்கு உரிய பழைய கேபிளின் இழுப்பு அளவு இந்த லிவருக்குப் பொருந்தவில்லை என்று பொருள். காலிபர் எந்த வண்டியிலிருந்து வந்ததோ அதன் கேபிளைத் தேடிப் பொருத்துங்கள். அதுவரை மேட்டில் நிறுத்த நேர்ந்தால் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைக்காமல் இறங்க வேண்டாம்.