ரியூசன் வாசலில் தமிழ், முஸ்லிம் பொடியன்மார் அடிபட்டால் வட்டமாக இருத்திப் பேசவைப்பது எப்படி?

நீங்கள் எழுதிய நிலைமை மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் யாருக்கும் புதிதல்ல. வேலியோடு வேலி ஒட்டிய இரண்டு ஊர், இரண்டு பாடசாலை, ஒரே ரியூசன். வாசலில் கைகலப்பு, ஒருவனுடைய சைக்கிள் உடைந்தது, இரு அதிபர்களும் தண்டித்தும் பகை ஆறவில்லை. வட்டமாக இருத்திப் பேசவைக்கலாமா என்று கேட்கிறீர்கள். வைக்கலாம். ஆனால் வட்டம் கடைசி வேலை. முக்கால்வாசி வேலை அதற்கு முன்னால், ஒவ்வொருவரோடும் தனியாக இருந்து பேசுவதில் இருக்கிறது. அதைச் செய்யாமல் ஒரு மண்டபத்தில் கூட்டினால் அது அடுத்த சண்டைக்கு ஒத்திகை.

எது வட்டத்துக்கு வரக்கூடாது என்பதை முதலில் பிரியுங்கள். பாலியல் துன்புறுத்தல், கத்திக்குத்து, பெரியவர் பிள்ளையை வதைத்தது, இவை பொலிசுக்கும் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கும் போகவேண்டியவை. மத்தியஸ்த சபையும் வேறு. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த அந்தச் சபையில் மூன்று மத்தியஸ்தர்கள் இருந்து இணக்கம் தேடிக் கொடுப்பார்கள். வட்டத்தை நடத்துபவர் தீர்வு சொல்வதில்லை. நியூசிலாந்து 1989இல் சிறுவர் சட்டத்துக்குள் கொண்டுவந்த குடும்பக் கூட்டத்திலும் சம்பந்தப்பட்டவர்களும் அவர்களுடைய குடும்பமும் இருந்துதான் முடிவை எடுக்கிறார்கள்.

நடத்துபவர் இருவர், ஊருக்கு ஒருவர். அதிபரும் ஒழுக்காற்றுக் குழுவில் இருந்த ஆசிரியரும் வேண்டாம், நேற்று பிரம்பு தூக்கியவரிடம் இன்று யாரும் மனம் திறக்கமாட்டார்கள். இருவரும் சேர்ந்தே ஒவ்வொரு பிள்ளையையும் பெற்றோரையும் தனியே சந்திக்க வேண்டும். பிள்ளைக்கு அரைமணி, முக்கால் மணி. அடிவாங்கியவனுக்கு இரண்டு தரம். கேட்க வேண்டியது நாலே கேள்வி: என்ன நடந்தது, அந்த நேரம் என்ன நினைத்தாய், யார் யாருக்கு என்ன பாதிப்பு, சரிக்கட்ட என்ன வேணும். ‘ஏன் அடிச்சனீ?’ என்று கேட்காதீர்கள். ‘ஏன்’ என்றதும் எந்தப் பிள்ளையும் தனக்குத் தானே சட்டத்தரணி ஆகிவிடுவான். வரமாட்டேன் என்றால் விடுங்கள், கடிதம் எழுதிக் கொடுத்தாலும் போதும். இழுத்து வந்து இருத்திய பிள்ளை வாயே திறக்காது.

இடம் இரண்டு பாடசாலையும் இல்லாத ஒன்று, பொது நூலக மண்டபம் போல. வெள்ளிக்கிழமை வேண்டாம், நோன்பு காலத்துப் பின்னேரமும் வேண்டாம். பிளேன்ரீயும் பிஸ்கட்டும் போதும். சோறு கொடுத்தால் யார் இறைச்சி சாப்பிடுவார், யார் விரதம் என்று ஒரு கணக்கு தொடங்கும். ஆட்கள் எட்டிலிருந்து பதினான்கு பேர், இரு பக்கமும் சம எண்ணிக்கை, நேரம் ஒன்றரை மணி. கதிரைகளை வட்டமாகப் போடுங்கள், நடுவில் மேசை வேண்டாம். கையில் கொடுக்க ஒரு தேங்காய்ச் சிரட்டை. அது யார் கையிலோ அவர்தான் பேசலாம், பேச விருப்பமில்லாவிட்டால் அடுத்தவரிடம் கொடுக்கலாம். திருநீற்றுத் தட்டு, தஸ்பீஹ் மணிமாலை போன்ற பொருட்களைத் தவிர்க்கவேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

முதல் சுற்று இலேசாக இருக்கட்டும்: ‘உங்கட பேர யார் வெச்சது?’ போதும். உம்மம்மா, அம்மம்மா என்று பதில் வரத்தொடங்க அறையின் சூடு குறையும். பிறகுதான் அந்த நாலு கேள்வி, ஒவ்வொன்றும் ஒரு முழுச் சுற்று. தொடக்க உரையில் ‘பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தோம்’ என்று யாரும் அவிழ்த்துவிடாமல் பாருங்கள். வலியோடு வந்தவனுக்கு அது ‘உன் கதையைச் சொல்லாதே’ என்றுதான் கேட்கும்.

எப்படியும் ஒரு தகப்பன் சொல்லுவார்: ‘தொண்ணூறுல எங்கட ஆக்களுக்கு என்ன செஞ்சவங்க எண்டு தெரியுமா?’ அனேக வட்டங்கள் உடைவது இங்கேதான். 1990இல் நடந்த படுகொலைகள் அவை: முஸ்லிம்கள் கொல்லப்பட்டது ஓகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்களில், அடுத்து ஏறாவூரில்; தமிழர் கொல்லப்பட்டது ஓகஸ்ட் 12 வீரமுனையில், செப்டம்பர் 9 சத்துருக்கொண்டானில். ஆறு கிழமைக்குள் இத்தனையும். ஒவ்வொரு ஊரும் தன் நாளை நினைவுகூருகிறது, பக்கத்து ஊரின் நாள் பலருக்குத் தெரியாது. அதனால் ஓகஸ்ட், செப்டம்பரில் வட்டம் வைக்காதீர்கள். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஏப்ரல் 21ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பேச்சு வந்ததும் ‘பழசை விடுங்க’ என்று வாயை அடைக்கவும் கூடாது, பிள்ளைகள் முன்னால் முழுதாகத் திறந்துவிடவும் கூடாது. ‘நீங்க சொன்னது எங்களுக்குக் கேட்டது, இதுக்கு வேற ஒரு நாள் பெரியாக்கள் இருப்பம்’ என்று சொல்லி, ஒரு தாளில் அவர் முன்னாலேயே எழுதி வையுங்கள். அந்த நாளைப் பிறகு உண்மையாகவே குறித்துக் கொடுக்க வேண்டும். பெரியவர்களின் அந்த இருப்பில் ஒருவர் சொல்லி முடிந்ததும் பதில் சுற்று இல்லை, இரண்டு நிமிடம் பேச்சில்லாமல் இருப்பது மட்டும். உடனே எதிர்த் தரப்பிடம் சிரட்டையைக் கொடுத்தால் ‘உங்களுக்கு எத்தனை, எங்களுக்கு எத்தனை’ என்ற எண்ணிக்கைப் போட்டியில் முடியும். கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர்மாரையும் பள்ளிவாசல் நிர்வாகிகளையும் அங்கே அழைக்கலாம், பேச அல்ல, கேட்க.

அம்பாறையில் சிங்களப் பிள்ளைகளும் இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். பொலிஸ், இராணுவச் சீருடைக்காரர் மொழிபெயர்க்கக் கூடாது.

உடன்பாட்டில் ‘இனி ஒற்றுமையாக இருப்போம்’ என்று எழுதினால் தாள்தான் வீண். உடைந்த சில்லு கழற்றிப் பூட்டும் கூலியில் பாதி யார், எந்தத் தேதிக்குள், யார் கையில். ரியூசன் விடும்போது வாசலில் இரண்டு கிழமைக்கு யார் நிற்பது: இப்படி எழுதுங்கள். இரண்டு பிரதி. கைகொடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள், படம் எடுக்காதீர்கள், பதாகை கட்டாதீர்கள். அதே குற்றத்துக்குப் பாடசாலை பிறகு தண்டனை தராது என்பதை இரு அதிபர்களிடமும் முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள், இல்லாவிட்டால் அடுத்த தரம் ஒரு பிள்ளையும் உண்மை சொல்லாது. ஒரு கிழமை கழித்து ஒரு தரம், தவணை முடிவில் இன்னொரு தரம் போய்ப் பாருங்கள். சைக்கிள் ஓடுதா என்று முதலில் அதைக் கேளுங்கள்.