கஞ்சா மிட்டாய் வாங்கலாம், துப்பாக்கியும் வாங்கலாம், இரண்டும் சேர்ந்து?

கேள்வி: மிச்சிகனில் இருக்கிறேன், கிரீன் கார்டு உண்டு. முதுகுவலியால் தூக்கம் வராமல் வாரத்தில் இரண்டு மூன்று ராத்திரி 'கம்மி' என்கிற, கஞ்சா கலந்த மெல்லும் மிட்டாய் சாப்பிடுகிறேன். டிஸ்பென்சரியில், அதாவது உரிமம் பெற்ற கஞ்சாக் கடையில், வரி கட்டி வாங்குவதுதான். எங்கள் தெருவில் திருட்டு நடந்ததிலிருந்து ஒரு கைத்துப்பாக்கி வாங்கலாமா என்று யோசனை. கடைப் படிவத்தில் கஞ்சா பற்றிக் கேட்பார்களாம். "இல்லைன்னு போடு, யாருக்குத் தெரியப்போகுது?" என்கிறார் நண்பர். போடலாமா?

பதில்: போடாதீர்கள். நண்பர் நல்லவராக இருக்கலாம், ஆனால் மாட்டினால் கையெழுத்து உங்களுடையது.

மிச்சிகன் 2018-இல் கஞ்சாவை அனுமதித்தது உண்மைதான். ஆனால் துப்பாக்கிக் கடைக்காரர் உங்கள் முன் வைக்கும் 4473 என்ற படிவம் மாநிலத்துடையது இல்லை, மத்திய அரசுடையது. மத்தியச் சட்டத்தில் கஞ்சா இன்னும் தடை செய்யப்பட்ட பொருள்தான், அதைப் பயன்படுத்துகிறவர் துப்பாக்கி வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. உங்கள் மாநிலம் அனுமதித்திருந்தாலும் எங்களுக்கு அது குற்றமே என்று அந்தக் கேள்விக்குப் பக்கத்திலேயே எச்சரிக்கை அச்சடித்திருக்கிறார்கள், அதனால் தெரியாமல் எழுதிவிட்டேன் என்று பிறகு சொல்லவும் வழியில்லை. மருத்துவ அட்டை இருந்தால் தப்பலாமே என்று நெவாடாவில் ஒரு பெண் வழக்குப் போட்டுப் பார்த்தார். 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார்.

நண்பர் சொல்வதில் பாதி சரி. எஃப்.பி.ஐ. நடத்தும் பின்னணிச் சோதனையில் பழைய தண்டனை, நீதிமன்ற உத்தரவு மாதிரி விஷயங்கள்தான் வரும், நீங்கள் கம்மி வாங்கிய ரசீது அங்கே போவதில்லை. அதனால்தான் படிவத்தில் உங்களையே கேட்கிறார்கள். சிக்கல் வருவது அன்றைக்கு இல்லை, வேறெதற்கோ போலீஸ் வீட்டுக்கு வந்து, மேசையில் கம்மி டப்பாவையும் அலமாரியில் துப்பாக்கியையும் சேர்த்துப் பார்க்கிற நாளில். ஜனாதிபதியாக இருந்த ஜோ பைடனின் மகன் ஹன்டர் பைடன் 2018-இல் வாங்கிய துப்பாக்கிக்கு 2024-இல் குற்றவாளி என்று தீர்ப்பானது. அவருடையது கஞ்சா இல்லை, கிராக் கோகெய்ன், ஆனால் பொய்யான பதில் எழுதியது இதே படிவத்தில்தான். அப்பா மன்னிப்புக் கொடுத்தார். நம் எல்லாருக்கும் அப்பா ஜனாதிபதியாக இல்லையே.

அப்போ 'ஆம்' என்று எழுதினால்? கடைக்காரர் விற்க மாட்டார், அதோடு நீங்களே எழுதிக் கொடுத்த வாக்குமூலம் ஒன்று அவர் கோப்பில் கிடக்கும். குடியுரிமை இல்லாத ஒருவருக்கு அதைவிட மோசமான காகிதம் கிடையாது. மாநிலம் அனுமதித்திருந்தாலும் கஞ்சா பயன்பாடு குடியுரிமைக்குத் தேவையான நன்னடத்தையைப் பாதிக்கலாம் என்று குடியேற்றத் துறை 2019-லேயே அறிவித்துவிட்டது. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை என்றால் நாடுகடத்தலே வரலாம். அதனால் கம்மி சாப்பிடுகிற வரை அந்தப் படிவத்தைத் தொடவே தொடாதீர்கள். நாலு நாள் நிறுத்திவிட்டுப் போய் 'இல்லை' என்று எழுதும் யோசனையும் வேண்டாம், வாரம் மூன்று நாள் பழக்கம் நாலு நாளில் 'முன்னாள் பழக்கம்' ஆகிவிடாது.

கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல மிச்சிகன் தரும் சி.பி.எல். உரிமம் எடுத்தால் கடையில் பின்னணிச் சோதனையே வேண்டாம் என்று யாராவது சொன்னால், அது பழைய கதை. கஞ்சா பயன்பாட்டைப் பார்க்காமலே மாநிலம் உரிமம் தருகிறது என்று சொல்லி, 2020 மார்ச்சில் துப்பாக்கி விற்பனையைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான ஏ.டி.எஃப். அந்தச் சலுகையை நிறுத்திவிட்டது.

போதைப்பொருள் பயன்படுத்துகிறவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற மத்தியத் தடை அரசியலமைப்புப்படி செல்லுமா என்று கேட்கும் ஹெமானி வழக்கை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்தது. அதில் என்ன தீர்ப்பானாலும் படிவத்தில் பொய் எழுதுவது தனிக் குற்றம்.

அடுத்து என்ன கேட்பீர்கள் என்று தெரியும்: "மனைவி பேரில் வாங்கினால்?" உங்களுக்காக அவர் வாங்கினால் அது பினாமி வாங்கல், 2022 சட்டப்படி 15 வருடம் வரை சிறை. அவர் தனக்கென்றே வாங்கினாலும் பெட்டிச் சாவி உங்கள் கைக்கு எட்டினால், நீங்களே வைத்திருப்பதாக வாதிட இடமிருக்கிறது.

திருட்டுப் பயத்துக்கு நல்ல பூட்டும் வாசல் கேமராவும் போடுங்கள். அப்புறமும் துப்பாக்கிதான் வேண்டும் என்றால், முதலில் முதுகுவலிக்கு வேறு வழி இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள், கடைக்குப் போகும் முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரையும் பார்த்துவிடுங்கள்.